கல்லூரியா, கஞ்சாத் தோட்டமா: வட ஆற்காட்டு இளைஞன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆற்காடு முழுவதிலும், வீட்டுக்கு வீடு ஒரே பேச்சாக இருக்கும்: பையன் எங்கே சேரப் போகிறான், எவ்வளவு செலவாகும், படித்து முடித்தால் என்ன கிடைக்கும். இப்படிப் பேச்சு நடக்கும் வீடுகளில் சிலவற்றில், குறிப்பாக மலையடிவாரத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பங்களில், வெளியில் சொல்லாத இன்னொரு யோசனையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "தம்பி, விதையும் நான் குடுக்கறேன், செலவுக்கும் நான் குடுக்கறேன். நீ செடியப் பாத்துக்கினா போதும், மத்தத நான் பாத்துக்கறேன்" என்று யாரோ ஒரு அண்ணன் சொல்லியிருப்பார். இதைக் கேட்டதும் சீ என்று ஒதுக்கிவிடுவது பெரியவர்களுக்கு எளிது. வேர்க்கடலை போட்டுப் போட்டு நட்டப்பட்ட அப்பாவையும், பி.ஏ. முடித்துவிட்டுத் துணிக்கடையில் நிற்கும் பக்கத்து வீட்டு அண்ணனையும் அன்றாடம் பார்த்து வளர்ந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு அது ஒரு நியாயமான வியாபாரக் கணக்காகவே தெரியும். ஆகவே அதை வியாபாரக் கணக்காகவே எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தின் வரவையும் செலவையும் நேர்மையாக எழுதிப் பார்ப்பதே சரியான வழி என்று கருதுகிறேன்.

இப்படி விதை கொடுக்க வரும் தரகர்கள் 'இது தாத்தா காலத்துத் தொழில்' என்று வழக்கமாகச் சொல்லும் ஒரு வரலாற்று வாதத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் பாதி உண்மை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சவ்வாது மலையில் அரசு உரிமத்தின் கீழ் கஞ்சா பயிரானது. அரசு அதற்கு வரி வாங்கியது. 1893–94இல் இந்தியா முழுவதும் கஞ்சா, அதன் இலையான பங்கி, அதன் பிசினான சரஸ் ஆகியவற்றின் பயன்பாட்டை ஆராய ஓர் ஆணையமே அமைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பயிரிட்டவன் குற்றவாளி அல்ல. ஆனால் அந்த ஏற்பாட்டில் பயிரிட்டவனுக்கு உரிமம் இருந்தது, வாங்குபவன் யார் என்பது பதிவில் இருந்தது, பணம் வராவிட்டால் கேட்க ஓர் அலுவலகம் இருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், பேச்சு வழக்கில் என்.டி.பி.எஸ். சட்டம், வந்த பிறகு இவற்றில் ஒன்றும் இல்லை. தாத்தா காலத்துத் தொழில் என்பது பயிருக்கு மட்டும் பொருந்தும். அதைச் சுற்றியிருந்த பாதுகாப்புகளில் எதுவும் இன்று பயிரிடுபவனுக்குக் கிடையாது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை உள்ளபடி அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் டீக்கடைப் பேச்சில் அது ஒருபுறம் மிகைப்படுத்தப்படுகிறது, மறுபுறம் மிகவும் சாதாரணமாக்கப்படுகிறது. 'ஒரு கிலோவுக்குள் இருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார்கள்' என்பது இளைஞர்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. கஞ்சாவை வைத்திருப்பது தொடர்பாக அதில் சிறிதளவு உண்மை உண்டு: 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, அதற்கு ஓராண்டு வரை சிறை, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, அதற்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல், 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. ஆனால் பயிரிடுவதற்கு இந்த அளவுக் கணக்கே கிடையாது. பிரிவு 20இன் முதல் உட்பிரிவு 'எந்தக் கஞ்சாச் செடியையும்' பயிரிடுவதைப் பற்றித்தான் பேசுகிறது. நான்கு செடியானாலும் நானூறு செடியானாலும் 10 ஆண்டு வரை சிறை விதிக்கலாம், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சில்லறையாக வாங்கிப் புகைப்பவனுக்கு இருக்கும் படிநிலை, நட்டு வளர்ப்பவனுக்கு இல்லை. வடநாட்டில் சிவராத்திரிக்குப் பங்கி அரைப்பதைக் காட்டி வாதாடுபவர்கள் உண்டு. மொட்டும் பூவும் இல்லாத இலை சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா ஆகாது என்பது உண்மைதான்; என்றாலும் அந்த இலை முளைக்கும் செடியை அனுமதியில்லாமல் வளர்ப்பது குற்றமே.

என் பார்வையில் இந்தத் தொழிலின் முதன்மையான பலவீனம் தண்டனையின் அளவில் இல்லை, செடியின் இயல்பில் இருக்கிறது. வேலூர் வட்டாரத்துக்குக் கள்ளத்தொழில் புதிதல்ல. அணைக்கட்டு, பேரணாம்பட்டுப் பக்கத்து மலைகளில் சாராய ஊறல் அழிக்கப்பட்ட செய்தியைப் படிக்காமல் இங்கு யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஊறல் போட்டவன் ஓடையோரத்தில் பேரலைப் புதைக்கிறான், சில நாட்களில் வேலை முடிகிறது, சத்தம் கேட்டால் விட்டுவிட்டு ஓடுகிறான். யாருடைய ஊறல் என்று கண்டுபிடிப்பது போலீசுக்குத் தலைவலி. கஞ்சா மூட்டையை ரயிலில் எடுத்து வருபவன் கூட, காட்பாடி சந்திப்பில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் பெட்டிக்குள் ஏறினால், பையை இருக்கைக்கடியில் விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறான். 'கேட்பாரற்றுக் கிடந்த பை' என்ற சொற்றொடர் செய்தித்தாள்களில் வாரம்தோறும் வருவது அதனால்தான். செடியை விட்டுவிட்டு ஓட முடியும்; ஆனால் செடி நிற்கும் இடத்துக்குச் சர்வே எண் இருக்கிறது. அது ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கிறது, உயரமாக வளர்கிறது, பூக்கும் பருவத்தில் வாசனையும் வீசுகிறது. மரவள்ளிக்கு நடுவிலோ துவரைக்கு நடுவிலோ ஊடுபயிராக மறைத்தாலும், மாடு மேய்ப்பவரும் விறகுக்குப் போகிறவரும் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள். வரப்புத் தகராறு இல்லாத நிலமும் பங்காளிச் சண்டை இல்லாத குடும்பமும் நம் பக்கத்தில் எத்தனை இருக்கின்றன? துப்புக் கொடுக்க உளவுத்துறை வேண்டியதில்லை. சித்தப்பாவின் கைப்பேசி போதும்.

இன்னொன்று: ஆந்திர–ஒடிசா எல்லையில், பாடேரு, சிந்தப்பள்ளி, மல்கான்கிரி போன்ற மலைப்பகுதிகளில் பள்ளத்தாக்குக் கணக்கில் பயிரானபோது ஒருவர் தோட்டத்தை மற்றவர் தோட்டம் மறைத்தது. தமிழ்நாட்டில் சாகுபடி மிக அரிதாகிவிட்ட காரணத்தாலேயே இங்கே ஒரு கால் ஏக்கர் கிடைத்தாலும் அது பெரிய செய்தியாகிறது. கண்டுபிடித்த அதிகாரிக்கு அது பாராட்டுக்குரிய வேலையாகிறது. கூடவே நில ஆவணங்களின் நிலையும் மாறிவிட்டது. அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவேட்டில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிய காலம் போய், வயலில் நின்று படமெடுத்துப் பதிவு செய்யும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. 2024 நவம்பரில் அந்த வேலைக்கு வேளாண் கல்லூரி மாணவர்களையே இறக்கிவிட்டார்கள். மாணவர்கள் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது வேறு கதை. கல்லூரிக்குப் போனவன் கைப்பேசியோடு சர்வே எண் சர்வே எண்ணாக நடந்து வருகிறான், போகாதவன் அதே சர்வே எண்ணில் செடியை மறைத்து வைத்திருக்கிறான் என்பது இந்த ஒப்பீட்டில் நானே எதிர்பார்க்காத சந்திப்பு.

அந்தச் சர்வே எண் பெரும்பாலும் பையனின் பெயரில் இருப்பதில்லை. பட்டா அப்பா பெயரிலோ, பாகம் பிரிக்காத கூட்டுப் பட்டாவாகப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை பெயர்களோடு சேர்ந்தோ இருக்கும். சட்டத்தின் 25ஆம் பிரிவு, தன் இடத்தைத் தெரிந்தே இந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்த அனுமதிப்பவருக்கும் குற்றத்துக்குரிய அதே தண்டனையை விதிக்கிறது. 46ஆம் பிரிவு, தன் நிலத்தில் கஞ்சாச் செடி பயிரிடப்பட்டிருப்பதை அறிந்த நில உடைமையாளர் உடனே தகவல் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. தெரிந்தும் சொல்லாமலிருந்தால் அவரும் தண்டனைக்கு உள்ளாவார். அடுத்த பிரிவு இதே கடமையைக் கிராம அலுவலர்கள் மீதும் சுமத்துகிறது. 'என் தலையெழுத்து, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரு பையன் சொல்வது வீரமாகத் தோன்றலாம். அவன் பந்தயம் கட்டுவது அப்பாவின் பெயரை. தரகர் ஒரு நிலத்தையும் தன் பெயரில் எழுதி வைத்துக்கொண்டு செடி நட மாட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிடிபட்ட பின் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் தரகர்கள் இதை 'பதினைந்து நாள் உள்ளே, அப்புறம் ஜாமீன்' என்று முடித்துவிடுகிறார்கள். பயிரிட்டது மட்டும் குற்றச்சாட்டு என்றால் ஜாமீன் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பறித்து உலர்த்தி வைத்த சரக்கும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டிவிட்டால் 37ஆம் பிரிவின் இரட்டை நிபந்தனை வந்துவிடுகிறது: குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிமன்றம் திருப்தியடைந்தால்தான் ஜாமீன். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய அரசுத் தரப்புக்கு 180 நாள் அவகாசம் உண்டு, அதை ஓராண்டு வரை நீட்டிக்கவும் முடியும். எடை போடும் இடத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. செடியை வேரோடு பிடுங்கி, தண்டு, இலை, ஈரம் எல்லாவற்றோடும் தராசில் வைத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்; பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி மட்டுமே கஞ்சா என்ற வரையறையைக் காட்டி அந்த எடையை உடைக்க நல்ல வழக்கறிஞரால் முடியும். அந்த வாதம் வெற்றி பெறலாம். விசாரணை முடிகிற காலத்தில் பெறும். அதுவரை பையன் தொரப்பாடி சிறையில் இருப்பான்.

தொரப்பாடியில் உள்ள வேலூர் மத்திய சிறை 1830இல் கட்டப்பட்டது. அதன் வாசலில் மனு போட்டுக் கைதியைப் பார்க்கக் காத்திருக்கும் குடும்பங்களை ஒரு முறை நின்று பார்த்தால் இந்தக் கணக்கின் செலவுப் பக்கம் விளங்கும்: அம்மா கையில் பிஸ்கட் பாக்கெட்டும் வாழைப்பழமும், அக்காவின் இடுப்பில் குழந்தை, ஒரு நாள் கூலி போய்விட்டதே என்ற முகத்தோடு ஓரமாக நிற்கும் அப்பா. ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். அவர்கள் ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீதோடு நீதிமன்றத்துக்கு வர வேண்டும். கஞ்சா கேஸ் என்று தெரிந்ததும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவுவார்கள். வெளியே வந்தால் நிபந்தனை: மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. தினமும் 10.30க்குக் கையெழுத்துப் போட வேண்டியவனுக்கு எந்தக் கம்பெனி ஷிப்ட் கொடுக்கும், எந்தக் கல்லூரி வருகைப்பதிவு கொடுக்கும்? தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டம், அதாவது குண்டர் சட்டம், போதைப்பொருள் குற்றவாளிகளுக்கும் பொருந்தும் என்பதால், மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டால் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்க முடியும் என்பதும் இதோடு சேரும்.

இனி வரவுப் பக்கம். கஞ்சா விற்கிற விலையைக் கேட்டு மயங்குகிறவர்கள், அது தெருமுனையில் பொட்டலமாக விற்கிற விலை என்பதை மறந்துவிடுகிறார்கள். தோட்டத்தில் நிற்பவனுக்குக் கிடைப்பது அதில் மிகச் சிறிய பங்கு, ஏனென்றால் அவனால் சரக்கை வேறு எங்கும் கொண்டுபோய் விற்க முடியாது. தக்காளி விலை விழுந்தால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கொடுக்காமல் வாலாஜாவுக்கோ சென்னை கோயம்பேட்டுக்கோ ஏற்றலாம். இங்கே விதை கொடுத்தவனே வாங்குபவன், அவன் சொல்வதே விலை. வடக்கேயிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிற சரக்கோடு வேறு போட்டி போட வேண்டும். 'இவ்வளவு தருகிறேன் என்று சொன்னாயே' என்று கேட்க வழியும் இல்லை: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி சட்டவிரோத நோக்கத்துக்கான ஒப்பந்தம் செல்லாது. ஏமாற்றப்பட்டவன் காவல் நிலையத்துக்குப் போனால் வாதியாக உள்ளே நுழைந்து எதிரியாகத்தான் உட்காருவான். சம்பாதித்து நிலமோ வண்டியோ வாங்கினாலும், 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர் முறைகேடாகச் சேர்த்த சொத்தை, அது உறவினர் பெயரில் இருந்தாலும், முடக்கிப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

யாருக்கு லாபம், யாருக்கு அடி என்ற கேள்விக்கு இந்த மண் ஏற்கெனவே ஒரு பதிலைப் பார்த்திருக்கிறது. செம்மரம் வெட்டப் போனவர்களின் கதை சவ்வாது மலையில் இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. மேஸ்திரி வந்தான், முன்பணம் கொடுத்தான், நல்ல கூலி என்றான், ஆட்கள் ஏறினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் வனப்பகுதியில் 20 பேர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து போன கூலிக்காரர்கள். அந்த மரம் துறைமுகம் வழியாக எங்கே போனதோ, அங்கே பணம் பண்ணியவர்களின் பிணம் ஒன்றும் அந்தக் காட்டில் கிடக்கவில்லை. சுட்டது சரியா என்ற விவாதம் வேறு, அதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இங்கே பொருத்தமானது அந்தத் தொழிலின் அமைப்பு மட்டுமே: வேலையில் அடிமட்டத்தில் நிற்பவனிடம்தான் ஆபத்து முழுவதும் இறக்கி வைக்கப்படுகிறது. கஞ்சாத் தோட்டத்தின் அமைப்பும் இதேதான். மேஸ்திரி என்ற பெயர் அண்ணன் என்று மாறியிருக்கிறது.

கல்லூரிப் பக்கம் வருவோம். இதைப் பொன்னுலகமாக வரைந்து காட்டினால் எந்தப் பையனும் நம்ப மாட்டான், நம்பவும் கூடாது. பட்டப்படிப்பு முடித்தவர்கள் எல்லாரும் நல்ல வேலையில் இல்லை. கலை அறிவியல் பட்டம் பெற்று, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, ஒப்பந்தத் தொழிலாளியாக மாதம் பதினைந்தாயிரத்தை ஒட்டிச் சம்பளம் வாங்கும் பட்டதாரிகளை வாலாஜா சுங்கச்சாவடிப் பக்கம் தினமும் பார்க்கலாம். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் பத்தாவது படித்தவரும் பி.காம். படித்தவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள். பெயரில்லாத தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சங்களைக் கொட்டி, அரியரோடு வெளியே வந்தவனின் கடன் அவன் கல்யாணம் வரை கூட வரும். பிணையில்லாமல் 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடன் கிடைக்கும் என்பது உதவி; படிக்கும் காலத்திலும் அதற்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதைப் பல வீடுகளில் கையெழுத்துப் போட்ட பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் 'கல்லூரி' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவிடுவதில்தான் கணக்கு தப்புகிறது. ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலோ, செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ ஓராண்டுக்குக் கட்டும் பணம், ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலையை விடக் குறைவு. பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால், தனியார் கல்லூரியின் செலவோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வீட்டில் பட்டதாரியே இல்லாவிட்டால் தொழிற்படிப்புகளுக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. சவ்வாது மலை மலையாளிச் சமூகத்துப் பையன், தன் சாதிச் சான்றிதழின் மதிப்பை அறிவதற்கு முன்பே தன் மலைநிலத்தின் மறைவான இருப்பிடம் எவ்வளவு பெறும் என்று இன்னொருவன் அவனுக்குச் சொல்லிவிடுகிறான். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

சேர்க்கைக்கான அலைச்சல் உண்மையானது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். சர்வர் வேலை செய்யாது. வருவாய் ஆய்வாளர் களப்பணிக்குப் போயிருப்பார். இந்த அலைச்சலையும் ஜாமீன்தாரர் தேடும் அலைச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி தயங்கும் பெற்றோரிடம் நான் சொல்வதுண்டு. இரண்டிலும் ஆவணங்களோடு அலையத்தான் வேண்டும்.

இரண்டு வழியிலும் தோற்றுப்போனவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் ஒப்பீட்டின் மையம். கல்லூரியில் தோற்றவனுக்கு அரியர் இருக்கிறது, எழுதலாம். படிப்பை நடுவில் விட்டால் ஐ.டி.ஐ.க்குப் போகலாம், பிடிக்காத பாடத்தை விட்டு அடுத்த ஆண்டு வேறு பாடம் எடுக்கலாம், கடன் இருந்தால் அதற்கு ஒரு தொகையும் தவணையும் இருக்கின்றன. மூன்றாண்டு வீணானது என்று அவன் சொன்னாலும், இருபத்தொரு வயதில் ராணிப்பேட்டை சிப்காட்டிலோ, 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் பனப்பாக்கத்தில் வந்திருக்கும் டாடா மோட்டார்ஸ் ஆலை போன்ற புதிய இடங்களிலோ விண்ணப்பிக்க அவனுக்குத் தடையில்லை. மறுபக்கத்தில் தோற்றவனுக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தில் வளைகுடா வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இதன் பொருள் புரியும். காவலர் தேர்வில் வழக்கு இருந்ததைக் கேட்பார்கள். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விதி தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில் இருக்கிறது. ஒருமுறை தண்டனை பெற்றவன் மறுமுறையும் குற்றவாளி என்று தீர்ப்பானால் அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகிறது. தண்டனை விதிக்கப்பட்டால் மற்ற கைதிகளுக்குக் கிடைக்கும் தண்டனைக் குறைப்பு இந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றவர்களுக்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இல்லை.

வென்றவர்களின் நிலையையும் பார்க்காமல் விடக் கூடாது. பிடிபடாமல் நான்கைந்து போகம் எடுத்தவர்கள் இருக்கக்கூடும், இல்லையென்று சொல்லப்போவதில்லை. ஆனால் பத்தாண்டு கழித்து அவன் கையில் இருப்பது என்ன? வங்கிக்குக் காட்ட முடியாத பணம், பெண் கேட்டுப் போகும் வீட்டில் சொல்ல முடியாத தொழில், எந்தத் தரகரோடும் தகராறு செய்ய முடியாத வாழ்க்கை. அடுத்த தொழிலுக்கு மாற அவனிடம் ஒரு சான்றிதழோ முன் அனுபவக் கடிதமோ இராது. பட்டதாரியின் சம்பளம் சிறியதாகத் தொடங்கி மெதுவாக ஏறுகிறது. இவனுக்கோ ஒவ்வொரு போகமும் முதல் போகம் போலத்தான், அதே பயம், அதே பந்தயம்.

'வெளிநாட்டில் எல்லாம் சட்டபூர்வமாக்கிவிட்டார்கள், இங்கேயும் வந்துவிடும், முதலில் தொழில் கற்றவனுக்குத்தான் லாபம்' என்ற வாதம் கல்லூரி மாணவர்களிடமிருந்தே வருகிறது. கனடா 2018இல் சட்டபூர்வமாக்கியது. தாய்லாந்து 2022இல் திறந்துவிட்டு 2025இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று திரும்ப இறுக்கியது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க நடந்த வாக்கெடுப்பில் இந்தியாவும் ஆதரவாகவே வாக்களித்தது. இவை எதனாலும் இங்கே 20ஆம் பிரிவில் ஒரு சொல் மாறவில்லை. நம் சட்டத்திலும் 14ஆம் பிரிவு நாருக்காகவும் விதைக்காகவும் அரசு அனுமதியோடு பயிரிட இடம் தருகிறது. உத்தரகாண்ட் அப்படி உரிமம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. நாளைக்கு இங்கேயும் அது வந்தால் உரிமம் யாருக்குக் கிடைக்கும் என்று யோசிக்க வேண்டும். கம்பெனி வைத்திருப்பவனுக்கும், ஆய்வகச் சான்று காட்டுபவனுக்கும், வேளாண் பட்டம் பெற்றவனுக்கும் கிடைக்கும், என்.டி.பி.எஸ். வழக்கு உள்ளவனின் விண்ணப்பம் மேசையில் எங்கே கிடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செடி வளர்ப்பதில் உண்மையான ஈடுபாடு உள்ள பையன்களும் உண்டு. அவர்களை நான் தனியாகவே பார்க்கிறேன். அவர்களுக்கு வாழவச்சனூர் அரசு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. மதிப்பெண் எட்டாவிட்டால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தின் பயிற்சிகள் இருக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்திரிக்காய் இதே வட்டாரத்தின் பயிர்; அதற்குக் கிடைக்கும் விலை கஞ்சாவுக்கு நிகராகாது என்பது தெரிந்ததுதான், ஆனால் அதை லாரியில் ஏற்றி, ரசீது வாங்கி, அடுத்த ஆண்டு அதே நிலத்தில் அதே பெயரில் மறுபடி நடலாம்.

கடைசியாக, ஏற்கெனவே முன்பணம் வாங்கிவிட்டவர்களுக்கு. விதை இன்னும் மண்ணுக்குள் போகவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே மலிவான செலவு; பணம் செலவாகிவிட்டிருந்தால் கைமாற்று வாங்கியாவது கொடுக்கலாம், அந்தக் கடனை அடைத்துவிட முடியும். தரகர் மிரட்டினாலோ, செடி ஏற்கெனவே நின்றாலோ, யாரோ சொன்னார்கள் என்று இரவோடு இரவாகப் பிடுங்கி எரிக்கவும் புதைக்கவும் முற்படுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது தடையல்ல: சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஏழைகளுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும், தொலைபேசி எண் 15100. வீட்டில் அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பட்டா அவர் பெயரில் இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் மே மாதத்தில் திறக்கிறது. அது தவறினால் ஐ.டி.ஐ. சேர்க்கை அதற்குப் பிறகும் நடக்கும். பிளஸ் டூவில் ஒரு பாடம் போயிருந்தால் துணைத்தேர்வு அதே கோடையில் எழுதலாம்.